குரலால் பறவையை அறிதல்: தமிழ்நாட்டுப் பறவைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவையைப் பார்க்காமல், குரலை மட்டும் கேட்டு இனங்காண முடியுமா?

முடியும். சில பறவைகளைப் பொறுத்தவரை கண்ணைவிடக் காதுதான் நம்பகமானது. ஆந்தைகளும் பக்கிகளும் இருட்டில் நடமாடுபவை. குக்குறுவான்கள் இலையின் நிறத்திலேயே இருந்துகொண்டு உச்சிக்கிளையில் அசையாமல் அமர்ந்திருப்பவை. வெண்புருவச் சின்னானோ முட்புதரை விட்டு வெளியே தலைகாட்டவே தயங்கும். தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப்புறாவும் அப்படித்தான். காட்டுப்பாதையில் நடப்பவர் கண்ணில் பெரும்பாலும் படுவது, தரையிலிருந்து விருட்டென்று எழுந்து மரங்களுக்கிடையே மறையும் ஒரு பச்சைக் கீற்று மட்டுமே. ஆனால் 'ஹூ-ஊன்' என்று மூக்கால் முனகுவதைப் போல அது விட்டுவிட்டு எழுப்பும் தாழ்ந்த ஒலியை அறிந்தவர்கள், அது அந்தக் காட்டில் இருக்கிறது என்பதை நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

குரல் மட்டும் கேட்ட பறவையைப் பட்டியலில் சேர்க்கலாமா என்ற தயக்கம் வேண்டியதில்லை. பறவை நோக்குவோர் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் இடும் பட்டியலில் கண்டவையும் கேட்டவையும் சேர்ந்தே இடம்பெறுகின்றன. 2015 முதல் நடைபெற்று வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் இதே முறைதான். குரல் எந்தப் பறவையுடையது என்பதில் ஐயம் இருந்தால் மட்டும் எழுதாமல் விட்டுவிட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் எந்தப் பறவைகளின் குரலை முதலில் பழக வேண்டும்?

வீட்டைச் சுற்றி இருப்பவற்றைத்தான். மலைக்காட்டுக்குப் பயணம் போவதற்கு முன் அங்குள்ள அரிய பறவைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு மனப்பாடம் செய்பவர்கள் பலர் உண்டு. அங்கே போய் நின்றதும் நாலாபுறமிருந்தும் குரல்கள் வரும்போது, மனப்பாடம் செய்தவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தன் தெருவில் கேட்கும் குரல்களை யோசிக்காமலே சொல்லும் அளவுக்குப் பழகியவர் காதில்தான் புதிய குரல் தனியாக விழும் என்பது என் உறுதியான நம்பிக்கை. எனவே நூறு ஒலிப்பதிவுகளைச் சேகரிப்பதைவிட, வாசலில் கேட்கும் பத்துக் குரல்களை முழுமையாக அறிவது பயன் தரும்.

நாலு மரங்கள் நிற்கும் எந்தத் தெருவிலும் குயில், செம்போத்து, சின்னான், தவிட்டுக்குருவி, கரிச்சான், வெண்மார்பு மீன்கொத்தி, தையல்சிட்டு, தேன்சிட்டு, செம்மார்புக் குக்குறுவான் ஆகியவற்றில் பெரும்பாலானவை இருக்கும். இவற்றில் தையல்சிட்டு பலரையும் வியக்க வைக்கும். பத்து கிராம்கூடத் தேறாத அந்தச் சிட்டு, செம்பருத்திச் செடிக்குள் இருந்துகொண்டு 'டுவீட் டுவீட் டுவீட்' என்று ஒரே சொல்லை இடைவிடாமல் அடுக்கும்போது, ஏதோ பெரிய பறவை கத்துகிறது என்றே எண்ணத் தோன்றும்.

செம்மார்புக் குக்குறுவானைக் காதால் கேட்டு, பிறகு கண்ணால் தேடிப் பார்ப்பது மிகச் சிறந்த பயிற்சி. கன்னான் செம்புப் பாத்திரத்தைச் சிறு சுத்தியால் தட்டுவதைப் போல 'டுக், டுக், டுக்' என்று ஒரே சுருதியில், ஒரே இடைவெளியில், நிமிடத்துக்கு நூறு முறைக்கும் மேலாக அது ஒலிக்கும். பெரும்பாலும் இலையுதிர்ந்த உச்சிக்கிளையில்தான் உட்கார்ந்திருக்கும். தொலைநோக்கி வழியே பார்த்தால், ஒவ்வொரு ஒலிக்கும் அதன் தொண்டையின் இரு பக்கமும் புடைத்து அடங்குவதையும், அலகு மூடியபடியே இருப்பதையும் காணலாம். கூவிக்கொண்டே தலையை இடமும் வலமும் திருப்புவதால், குரல் ஒருமுறை பக்கத்து வீட்டிலிருந்தும் மறுமுறை எதிர் வீட்டிலிருந்தும் வருவதாகத் தோன்றும். இதை ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு அந்தக் குரல் பிறகு மறப்பதில்லை.

பாட்டு என்பதும் அழைப்பு என்பதும் ஒன்றா?

இல்லை. பாட்டு என்பது பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்தில், பெரும்பாலும் ஆண் பறவை, எல்லையை அறிவிக்கவும் இணையைக் கவரவும் எழுப்பும் நீண்ட ஒலித்தொடர். அழைப்பு என்பது எச்சரிக்கவும், கூட்டத்தோடு தொடர்பில் இருக்கவும் ஆணும் பெண்ணும் ஆண்டு முழுவதும் எழுப்பும் குறுகிய ஒலி. குண்டுகரிச்சானிடம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கேட்கலாம். கோடையின் விடியற்காலையில் மாடிக் கைப்பிடிச் சுவரிலோ தொலைக்காட்சி ஆன்டெனாவிலோ அமர்ந்து, வாலை உயர்த்தி, ஒரு வரிக்கு ஒரு வரி மாற்றி மாற்றிப் பாடும் அதே பறவை, மழைக்காலத்தில் 'ஸ்வீ' என்ற மெலிந்த சீழ்க்கையோடும் 'ச்ர்ர்' என்ற கரகரப்போடும் நிறுத்திக்கொள்ளும். பாட்டை மட்டும் அறிந்தவர், ஐப்பசி கார்த்திகையில் அந்தப் பறவை ஊரை விட்டே போய்விட்டதாக நினைத்துக்கொள்வார்.

பாடும் பறவைகளின் குஞ்சுகள் மூத்த பறவைகளின் பாட்டைக் கேட்டுத்தான் கற்கின்றன. குயில் இனத்துக்கு அந்தத் தேவை இல்லை. காக்கைக் கூட்டில் காக்கையால் ஊட்டி வளர்க்கப்பட்டாலும், வளர்ந்த பின் குயில் குயிலாகவே கூவுகிறது.

ஒரு புதிய குரலைக் கேட்டவுடன் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் தாளத்தை. குரல் ஒரே சீராக வருகிறதா, போகப் போக வேகமெடுக்கிறதா, இரண்டு மூன்று அசைகளாக வந்து நின்று மறுபடி தொடங்குகிறதா என்பதைக் கவனித்தாலே தேட வேண்டிய பறவைகளின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்துவிடும். அடுத்தது சுருதி: மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா? வெண்மார்பு மீன்கொத்தியின் நீண்ட நடுங்கும் குரல் கீழிறங்கும். அக்காக்குயிலின் குரல் படிப்படியாக மேலேறும். மூன்றாவதாக ஒலியின் தன்மை: சீழ்க்கையா, கரகரப்பா, உலோக ஒலியா, முனகலா?

இவற்றோடு இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்டதைக் கேட்டபடி உங்கள் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ள ஒலிக்குறிப்பு உங்கள் காதுக்குப் பொருந்தாமல் போகலாம்; நீங்களே எழுதியது பொருந்தும். அதன்பின், முடிந்தவரை அந்தப் பறவையைத் தேடிப் பார்த்துவிடுங்கள். பறவை கூவும்போதே அதைப் பார்ப்பதுதான் குரலை மனத்தில் பதிய வைக்கும் வழி. ஒலிப்பதிவை எத்தனை முறை கேட்டாலும் அதற்கு ஈடாகாது.

கூவுவது ஆண் குயிலா, பெண் குயிலா? மற்ற குயில்களின் குரலை எப்படிப் பிரித்தறிவது?

பங்குனி சித்திரையில் ஊரெங்கும் கேட்கும் 'கூ-ஊ, கூ-ஊ' என்ற குரல் ஆண் குயிலுடையது. சிவந்த கண்ணும் பளபளக்கும் கருநிறமும் கொண்டது அதுவே. பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண் குயில் அப்படிக் கூவுவதில்லை. மரத்துக்கு மரம் தாவும்போது 'கிக்-கிக்-கிக்' என்று அவசரமாகக் கத்தும். அந்தக் குரலைக் கேட்டால் அருகில் காக்கைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அக்காக்குயிலின் குரலும் மேலேறுவதுதான் என்றாலும், அது மூன்று அசைகள் கொண்டது. ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட உயர்ந்த சுருதியில் வந்து, கிறீச்சிடும் உச்சத்தில் திடீரென்று நின்று, சற்று இடைவெளி விட்டு மறுபடி அடியிலிருந்து தொடங்கும். நிலவொளியிலும் நிறுத்தாது. இது முட்டையிடுவது தவிட்டுக்குருவிகளின் கூட்டில். அதே தவிட்டுக்குருவிகளைத் தேடும் இன்னொன்று கருப்பு வெள்ளைச் சுடலைக்குயில். அதன் 'பியூ, பியூ' என்ற குரலில் ஏற்றம் இருக்காது.

குயில் குடும்பத்தைச் சேர்ந்த செம்போத்து, பிறர் கூட்டில் முட்டையிடுவதில்லை. தானே கூடு கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்க்கும்.

அடிக்கடி குழப்பும் குரல்கள் எவை?

செம்போத்தும் கொண்டலாத்தியும் முதலில் நிற்பவை. இரண்டும் 'ஊப்' என்றுதான் ஒலிக்கும். செம்போத்தின் குரல் புதரின் அடியிலிருந்து வரும் ஆழ்ந்த முழக்கம். பத்துப் பதினைந்து 'ஊப்'கள் நெருக்கமாகத் தொடரும். பல நேரங்களில் இன்னொரு செம்போத்து வேறு சுருதியில் பதில் கொடுக்கும். கொண்டலாத்தி மென்மையாக இரண்டு அல்லது மூன்று முறை 'ஊப்-ஊப்-ஊப்' என்று சொல்லி நிறுத்தும்.

புறாக்களில், புள்ளிப்புறாவின் கூவல் 'க்ரூ-க்ருக்-க்ரூ' என்று கனமாக வரும். சின்னத் தவிட்டுப்புறா 'கு-டு-டு-டு-டு' என்று தொண்டைக்குள் சிரிப்பதுபோல் விரைவாக முடிக்கும். ஆட்காட்டிகளில் சிவப்பு மூக்கு ஆட்காட்டி ஏரி, குளம், வாய்க்கால் ஓரங்களில் 'டிட்-டி-டூ-இட்' என்று ஊரையே எழுப்பும். மஞ்சள் மூக்கு ஆட்காட்டி வறண்ட பொட்டல்களில் மெலிந்து கூர்மையாக ஒற்றைக் குரல் கொடுக்கும்.

பெரிய பச்சைக் குக்குறுவான்கள் இரண்டையும் குரலால் பிரிப்பது கடினம். இரண்டுமே 'குட்ரூ, குட்ரூ' என்று தொடர்ந்து கூவுபவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் காப்பித் தோட்டங்களிலும் கேட்டால் அது பெரும்பாலும் சின்னக் குக்குறுவான். வறண்ட காடுகளிலும் சமவெளித் தோப்புகளிலும் கேட்டால் பழுப்புத் தலையுடையது. இரண்டும் சேர்ந்து வாழும் மலையடிவாரங்களில் பார்த்துவிட்டு எழுதுவதே நல்லது.

பறவையே அல்லாத ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. 'சிப், சிப், சிப்' என்று நெடுநேரம் ஒரே சீராகக் கேட்கும் குரலைத் தேடிப் போனால், கிளையில் வாலை உதறிக்கொண்டு அணில் உட்கார்ந்திருக்கும். எந்தப் பூனையைப் பார்த்து அது கத்துகிறது என்பதையும் கவனிக்கலாம்.

இரவில் கேட்கும் குரல்கள் எந்தப் பறவைகளுடையவை?

வீட்டருகே கேட்கும் கிறீச்சொலிகளின் சண்டை, பெரும்பாலும் மரப்பொந்தில் வாழும் புள்ளி ஆந்தைகளுடையது. நீண்ட, தொண்டை வறண்ட அலறல் கூகையுடையது. பாறைக் குன்றுகளின் பக்கமிருந்து 'பூ-பூஊ' என்று இரண்டாம் அசை நீண்டு ஆழமாகக் கேட்டால் அது கொம்பன் ஆந்தை. பக்கியின் குரல் தனித்துவமானது. 'சக்… சக்… சக்-சக்-சக்ர்ர்ர்' என்று மெதுவாகத் தொடங்கி, இடைவெளி குறுகிக்கொண்டே போய், ஒரு நடுக்கத்தில் முடியும். மானாவாரி நிலங்களின் ஓரமாக முன்னிரவில் நின்றால் கேட்கும்.

ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்ற அச்சத்தில் அவற்றைக் கல்லெறிந்து விரட்டுவது இன்னும் நின்றபாடில்லை. அந்த அலறல் துணையை அழைப்பதும் எல்லையைக் காப்பதுமே அன்றி வேறில்லை. கூகை எலிகளைத் தின்று வாழ்வது. அதற்காகவே நெல் வயல்களில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு, ஆந்தை உட்கார இடம் அமைத்துக் கொடுக்கும் உழவர்கள் இருக்கிறார்கள். குரலைக் கேட்டு இன்ன ஆந்தை என்று சொல்லத் தெரிந்த ஒருவர் தெருவில் இருந்தால், அந்தத் தெருவில் அச்சம் குறையும் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

வட்டாரத்துக்கு ஒரு பறவை என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால்?

இதில் ஒருமித்த கருத்து இருக்க முடியாது. என் விருப்பத்தைச் சொல்கிறேன். காவிரிப் படுகைக்குக் கம்புள் கோழி. மழை பெய்து குட்டைகள் நிறைந்த இரவுகளில் தாழம்புதருக்குள்ளிருந்து 'க்ர்ர்-க்வாக்-க்வாக்' என்று அது போடும் சத்தம், அளவில் அதைவிடப் பெரிய விலங்கு ஒன்று அங்கே இருப்பதாக நினைக்க வைக்கும். கொங்கு நாட்டு மேய்ச்சல் காடுகளுக்குக் கௌதாரி. கிளுவை வேலிக்குப் பின்னாலிருந்து விடியலில் ஒன்று தொடங்க, அடுத்த காட்டிலிருந்து மற்றொன்று பதில் தரும்.

தென் மாவட்டங்களின் புதர்க்காடுகளுக்கு நான் தேர்ந்தெடுப்பது வெண்புருவச் சின்னான். தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இப்பறவை நிறத்தில் எளியது. கண்ணுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு, மற்றபடி மங்கிய பசும்பழுப்பு. சுட்டெரிக்கும் அமைதியில், புதரின் நடுவிலிருந்து திடீரென்று தண்ணீர் கொப்பளிப்பதுபோன்ற பாட்டு வெடித்துக் கிளம்பி, அதே வேகத்தில் அடங்கும். அந்தப் பாட்டு இல்லாத புதர்க்காடு எனக்கு முழுமையாகத் தோன்றுவதில்லை.

மலைகளில் எந்தக் குரல்களை எதிர்பார்க்கலாம்?

ஓடை ஓரங்களில் விடியலுக்கு முன்பே கேட்கும் மனிதச் சீழ்க்கை, மனிதனுடையது அல்ல; சீகாரப் பூங்குருவியுடையது. ஒரு மெட்டைத் தொடங்கி, பாதியில் வேறு மெட்டுக்குத் தாவி, எங்கும் முடிக்காமல் மிதந்து செல்லும் அந்தப் பாட்டு மழைக்காலத்தில் மிகுதியாகக் கேட்கும்.

சோலைக்காடுகளில் சிரிப்பான்களின் குரல் தவறாது. இவற்றில் ஒரு செய்தி மிகவும் சுவையானது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழ்வது ஓரினம். தெற்கே பழனி, ஆனைமலைப் பகுதிகளில் வாழ்வது வேறோரினம். குளிர்ந்த மலையுச்சியை விட்டு இறங்காத பறவைகளுக்கு அந்தத் தாழ்ந்த கணவாய் கடக்க முடியாத தடையாக இருந்துவந்துள்ளது. சோலைக்காட்டின் நீலக் குருவிகளிலும் இதே பிரிவு காணப்படுகிறது. 2017-இல் வெளியான மரபணு ஆய்வு இந்தச் சிரிப்பான்களையும் நீலக் குருவிகளையும் இம்மலைகளுக்கே உரிய இரு தனிப் பேரினங்களாக வகைப்படுத்தியது. எனவே உதகையில் பழகிய குரலை அப்படியே கொடைக்கானலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

வால்பாறைப் பக்கம் பெரிய இருவாச்சியை அதன் குரலால் மட்டுமன்றிச் சிறகொலியாலும் அறியலாம். தலைக்கு மேலே பறக்கும்போது காற்றைக் கிழிக்கும் அந்த ஓசை வெகுதூரம் கேட்கும்.

குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளைக் குரலால் அறிய முடியுமா?

அவற்றைத்தான் குரலால் அறிய வேண்டும். புரட்டாசி ஐப்பசியில் வந்து சேரும் கதிர்க்குருவிகள் இலைக்குள் இலையாக இருப்பதால், பார்த்து அடையாளம் காண்பது அனுபவசாலிகளுக்கே சிரமம். குரலோ எளிது. புதரின் அடியில் கல்லோடு கல் தட்டுவதுபோல் 'டக்… டக்' என்று கேட்டால் அது பிளித் நாணல் கதிர்க்குருவி. மரக்கிளைகளின் நடுவே 'சி-லிட்' என்று ஈரசையில் கேட்டால் அது பச்சைக் கதிர்க்குருவி.

வலசை வருபவற்றில் பலரின் அன்புக்கு உரியது ஆறுமணிக்குருவி. ஒன்பது நிறம் கொண்டதாகச் சொல்லப்படும் இப்பறவை, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. விடியலிலும் அந்தியிலும் 'வீட்-டியூ' என்று ஈரசைச் சீழ்க்கை கொடுக்கும். வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய் வீட்டு வராந்தாவில் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்போது பூனை, நாயிடமிருந்து காத்து, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் அமைதியாக வைத்திருந்தால் தேறிப் பறந்துவிடும்.

ஒரு பறவை இன்னொன்றின் குரலில் பேசினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

கரிச்சான் வல்லூறைப் போலக் கத்தும். துடுப்புவால் கரிச்சான் காட்டில் உள்ள பல பறவைகளின் குரல்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிடும். ஒரே கிளையிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் நான்கு பறவைகளின் குரல் வந்தால், நான்கையும் பட்டியலில் எழுதாமல் அந்தக் கிளையைப் பார்க்க வேண்டும்.

கைப்பேசிச் செயலி சொல்வதை அப்படியே ஏற்கலாமா?

கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் ஒலியால் இனங்காணும் வசதி 2021-இல் வந்தது. ஒலியை ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படமாக மாற்றி, ஏற்கெனவே இனங்கண்ட பதிவுகளைக் கொண்டு பழக்கிய கணினி வழியே அது பெயர் சொல்கிறது. நல்ல துணை, ஆனால் தீர்ப்பு அல்ல. வண்டிச் சத்தம், போலிக்குரல், தொலைவு ஆகியவை அதைத் தடுமாற வைக்கும். அது ஒரு பெயரைக் காட்டினால், 'அந்தப் பறவை இங்கே எந்த மரத்தில் இருக்கிறது?' என்று தேடத் தொடங்குங்கள். தேடாமல் எழுதிவைத்த பெயர்கள் பட்டியலை நீட்டுமே தவிரக் காதைப் பழக்காது.

ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பறவையை வரவழைக்கலாமா?

கூடாது என்பதே என் பதில். தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் வந்துவிட்டதாக நம்பி, அந்தப் பறவை இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. அந்த இடைவெளியில், முட்டையையும் குஞ்சையும் தின்னும் வால்காக்கைக்கு அந்தக் கூடு கிடைத்துவிடும். ஒரு படத்துக்காக இதைச் செய்வது நியாயமல்ல. இனப்பெருக்கக் காலத்திலும், பலர் வந்துபோகும் இடங்களிலும் அறவே தவிர்க்க வேண்டும்.

வயது கூடினால் சில குரல்கள் கேட்காமல் போகுமா?

வயதாகும்போது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் காதை விட்டு விலகும். பூக்கொத்தியின் 'டிக்', தேன்சிட்டின் கீச்சு போன்றவை மங்கலாம். செம்போத்தும் ஆந்தையும் புறாவும் நெடுநாள் கேட்கும். கணக்கெடுப்புக்குப் போகும்போது இளையவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால், அவர் கேட்பதை நீங்கள் பெயர் சொல்லலாம்.

அடையாளம் தெரியாத குரலை எப்படிப் பதிவு செய்வது?

கைப்பேசியே போதும். குரல் வரும் திசைக்கு ஒலிவாங்கியைக் காட்டி, கையை அசைக்காமல், பேசாமல், அரை நிமிடமாவது பதியுங்கள். முடிந்தால் சுருக்கப்படாத வேவ் வடிவில் சேமியுங்கள். பறவை ஓய்ந்ததும் இடம், நேரம், மரம், நீங்கள் பார்த்த ஏதேனும் ஓர் அடையாளம் ஆகியவற்றை அந்தப் பதிவிலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். கைப்பேசியில் தேதி இருந்தாலும், எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பது அதில் இருக்காது. பிறகு, 2005 முதல் இயங்கி வரும் ஸெனோ-கான்டோ ஒலிக்களஞ்சியத்தில் நீங்கள் ஐயுறும் இரண்டு மூன்று பறவைகளின் பதிவுகளோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். அதில் தென்னிந்தியப் பதிவுகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே பறவையின் பாட்டு இடத்துக்கு இடம் சற்று மாறும். அப்படியும் விளங்காவிட்டால், அடுத்த நாள் அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போங்கள். எல்லை வகுத்துப் பாடும் பறவையாக இருந்தால் அது பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.